வயிறு நிறையப் புல், ஆனாலும் ஆடு தேறவில்லை

நியூசிலாந்தின் வடக்குத் தீவு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்த ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே காட்டைத் திருத்திப் புல் விதைத்து, செம்மறியும் மாடும் விட்டவர்களுக்கு நடந்தது எதுவும் புரியவில்லை. புல் செழித்து நிற்கிறது, மழைக்கும் பஞ்சமில்லை, ஆனால் சில மாதத்தில் ஆடுகள் எலும்பும் தோலுமாகி, அந்தப் புல்லுக்கு நடுவிலேயே படுத்து, வாயருகே இருக்கும் புல்லைக் கடிக்காமலேயே செத்துப்போயின. இதற்குப் 'புதர் நோய்' என்று பெயர் வைத்தார்கள். அனுபவத்தில் அவர்கள் கண்டுகொண்டது ஒன்றுதான்: மெலிந்த மந்தையை வேறு மண்ணுள்ள நிலத்துக்கு ஓட்டிப்போய்ச் சில வாரம் மேய்த்தால் தேறிவிடும், திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி மெலியும். அந்த மேட்டுநிலத்திலுள்ள கைங்கரோவா சமவெளியைக் கால்நடைக்கு ஆகாத பூமி என்று கைவிட்டு, 1920களிலும் 30களிலும் பைன் மரம் நட்டே நிரப்பினார்கள். இன்றைக்கும் அது பைன் காடுதான்.

அந்த மண்ணில் குறைந்திருந்தது கோபால்ட். ஒரு கிலோ காய்ந்த புல்லில் சுமார் 0.1 மில்லிகிராம் இருந்தால் போதும், ஆடு பிழைத்துக்கொள்ளும். தூள் உப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதில் ஓரிரண்டு துகள் எடைதான் அது. அந்தத் துகள் இல்லாததால் ஒரு நிலப்பரப்பே கைவிடப்பட்டது.

இதைக் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் நாம் செய்யும் தவறு அதில் அப்படியே இருக்கிறது. நோயுற்ற ஆடுகளுக்கு ரத்தம் சுண்டியிருந்தது. ரத்தசோகை என்றால் இரும்புச்சத்துக் குறை, அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். லிமோனைட் என்ற இரும்புத் தாதுவைப் பொடித்துக் கொடுத்தார்கள், ஆடு தேறியது. சரி, முடிந்தது என்றுதானே தோன்றும்? ஆனால் ஓரிடத்தில் வெட்டிய லிமோனைட் வேலை செய்தது, இன்னோரிடத்தில் வெட்டியது வேலை செய்யவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்றொரு ஊர் (ஐரோப்பிய நாடு இல்லை, அதே பெயருள்ள சிற்றூர்), அங்கும் இதே மாதிரி மெலிவு நோய். எரிக் அண்டர்வுட், ஜான் ஃபில்மர் என்ற இருவர் லிமோனைட்டைக் கரைத்து, அதிலிருந்த இரும்பை முழுக்கப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஆடுகளுக்குக் கொடுத்தார்கள். அப்போதும் ஆடு தேறியது! ஆக, மருந்து இரும்பு இல்லை, இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்த வேறேதோ. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டே போய் 1935-இல் கோபால்ட் என்று கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மார்ஸ்டன், லைன்ஸ் என்ற இருவர் 'கடற்கரை நோய்' என்று அழைக்கப்பட்ட மெலிவுக்கு இதே காரணத்தைச் சொன்னார்கள்.

அவ்வளவு துளிக் கோபால்ட்டை வைத்து ஆடு என்ன செய்கிறது என்பது அடுத்த 13 வருடம் யாருக்கும் தெரியாது. 1948-இல் வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுத்தபோதுதான் அதன் நடுமையத்தில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லிலிருந்து வரும் கோபால்ட்டை எடுத்து பி12 செய்கின்றன, ஆடு அதை உறிஞ்சிக்கொள்கிறது. அசைபோடும் பிராணிக்குச் சர்க்கரை நேரடியாகக் கிடைப்பதில்லை, வயிற்றில் புல் புளித்து வரும் புரோப்பியானிக் அமிலத்தைத்தான் ஈரல் சர்க்கரையாக மாற்ற வேண்டும், அந்த மாற்றத்துக்கு பி12 வேண்டும். அது இல்லையென்றால் அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது, பசி அடங்கிவிடுகிறது. புல் நடுவே நின்றுகொண்டு ஆடு பட்டினி கிடப்பது இதனால்தான்.

வெளியே என்ன தெரியும்? பால் மறந்த குட்டிகளைத்தான் முதலில் தாக்கும். எடை கூடாது, ரோமம் மங்கி உதிரும், கண்ணீர் வழிந்து கன்னத்து ரோமம் ஈரமாக ஒட்டியிருக்கும், காதுநுனியில் வெயில் பட்ட இடம் பொருக்கு தட்டும், கண்ணிமைக்குள் வெளுத்திருக்கும். இதைப் படித்ததும் ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லப்போவது ஒன்றுதான், "இது குடற்புழு ஆச்சே". ஆமாம், அப்படியே அச்சு அசலாகக் குடற்புழு மாதிரிதான் இருக்கும். அதனால் கோபால்ட், செம்பு போலத் துளியளவே வேண்டிய நுண் தாது பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு குட்டியைப் பிடித்து, கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்தோல் ரோஜா நிறமா, வெளிறிய இளஞ்சிவப்பா, சுண்ணாம்பு வெள்ளையா? சுண்ணாம்பு வெள்ளையாக இருந்து தாடைக்கு அடியில் நீர் கோத்திருந்தால், ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுதான் முதல் சந்தேகம். தென்னாப்பிரிக்காவில் இந்த இமை நிறத்தை 5 படியாகப் பிரித்து 'ஃபமாச்சா' என்றொரு வண்ண அட்டையே செய்திருக்கிறார்கள். புழுக்கையைச் சோதித்து முட்டை எண்ணிப் பார்க்க அதிகச் செலவாகாது. அதைச் செய்யாமல் தாது டானிக் வாங்கி ஊற்றுவது வீண் செலவு. என் கருத்தில், தேறாத மந்தைக்குத் தீவனப் பற்றாக்குறை, குடற்புழு, ஈரல் தட்டைப்புழு, கிழட்டு ஆட்டின் பல் தேய்வு, இந்த நாலையும் கழித்த பிறகுதான் தாதுப் பக்கம் வர வேண்டும்.

செம்புக் கதை இதைவிடச் சிக்கல். கோபால்ட் கொஞ்சம் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. செம்பு குறைந்தாலும் கொல்லும், கூடினாலும் கொல்லும், அதிலும் செம்மறியைப் போலச் செம்பைத் தாங்க முடியாத வேறு வளர்ப்புப் பிராணி இல்லை என்றே சொல்லலாம்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதை பெர்த் நகருக்கு வடக்கே ஜின்ஜின் பகுதியில் பென்னட்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1937-இல் காட்டினார். அங்கே குட்டிகள் பிறந்து நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் ஓட்டும்போது பின்னங்கால் தள்ளாடும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும், விழும், எழுந்திருக்காது. இங்கிலாந்தில் இதே நோய்க்கு 'சாய்முதுகு' என்ற பொருளில் பெயர். தாய் சினையாக இருக்கும்போது செம்பு போதவில்லையென்றால் குட்டியின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியிருக்க வேண்டிய உறை சரியாக வளர்வதில்லை. மின்கம்பிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி அது, அதில்லாமல் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராது. பிறந்தபின் குட்டிக்குச் செம்பு கொடுத்து, கெட்டுப்போன நரம்பைத் திருத்த முடியாது. சினையின் நடுவிலேயே தாய்க்குக் கொடுத்திருக்க வேண்டும். அதனால்தான் செம்புக்குச் சோதனை என்றால் குட்டி தள்ளாடிய பிறகு செய்வதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

செம்புக் குறைக்கு ஓர் அழகான அறிகுறி உண்டு, சோதனைக்கூடமே வேண்டாம். ரோமத்துக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் நொதிக்குச் செம்பு தேவை. கறுப்பு ஆட்டுக்குச் செம்பு குறைந்தால் அந்தக் காலத்தில் வளரும் ரோமம் வெளுத்துச் சாம்பலாக வரும், மறுபடி கிடைத்தால் கறுப்பாக வரும். ரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் அடுக்கடுக்காகக் கறுப்பும் சாம்பலுமாகப் பட்டை போட்டிருக்கும், எந்த மாதம் பஞ்சம், எந்த மாதம் நிறைவு என்று அது எழுதி வைத்த மாதிரி. வெள்ளை ரோம ஆட்டில் நிறம் காட்டாது, ஆனால் ரோமத்தின் சுருள் போய்க் கம்பி மாதிரி நேராகிவிடும். தமிழ்நாட்டின் செம்மறி இனங்களில் பலவற்றுக்கு முடிதான், கம்பளி ரோமம் கிடையாது, ஆனால் திருச்சி கருங்குறும்பை வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டையைத் தேடிப் பார்க்கலாம். வெயிலில் நுனி செம்பட்டையாவது வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மண்ணில் செம்பு இருந்தும் ஆட்டுக்குக் கிடைக்காமல் போவது உண்டு, உண்மையில் அதுதான் அதிகம். மாலிப்டினமும் கந்தகமும் முதல் வயிற்றில் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகி, செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புழுக்கையோடு வெளியே போய்விடும். இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் சில புல்வெளிகளில் மாடுகள் பச்சைப் புல் தின்றதும் கழிந்துகொண்டே இருக்கும். காரணம் அந்த மண்ணின் மாலிப்டினம் என்று 1938 வாக்கில்தான் தெரிந்தது. செம்பு கொடுத்ததும் கழிச்சல் நின்றது. மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டால் புல் மாலிப்டினத்தைக் கூடுதலாகவும் கோபால்ட்டைக் குறைவாகவும் எடுக்கும், அதாவது நிலத்தைத் திருத்தப்போய் ஆட்டுக்கு இரட்டைக் குறையை உண்டாக்கிவிடலாம். கோடையில் புல் கட்டையாகி ஆடு மண்ணோடு சேர்த்துக் கறம்பும்போது மண்ணிலிருக்கும் இரும்பும் செம்பைத் தடுக்கும். அதே மண்தான் ஆட்டுக்குக் கொஞ்சம் கோபால்ட்டும் கொடுக்கிறது. ஒன்றைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

இனி கூடினால் என்ன என்பது. செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்துக்கொண்டே போகும், வெளியே தள்ளத் தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆடு கொழுகொழுவென்று இருக்கும், ஒரு குறையும் தெரியாது. ஒருநாள் சந்தைக்கு ஏற்றிப்போன அலுப்பு, இல்லை தீவன மாற்றம், ஏதோ ஒன்று தட்டிவிட, ஈரல் சேர்த்து வைத்ததை மொத்தமாக ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், கண் மஞ்சளாகும், மூத்திரம் காபி நிறத்தில் போகும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் துப்பாக்கி இரும்பு நிறத்தில் கருநீலமாக இருக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே நார்த் ரொனால்ட்சே என்று ஒரு குட்டித் தீவு. 1832-இல் தீவைச் சுற்றிச் சுமார் 20 கிலோமீட்டர் கல்மதில் கட்டி, ஆடுகளை மதிலுக்கு வெளியே கடற்கரையில் விட்டுவிட்டார்கள், அவை கடற்பாசி தின்றே வாழ்கின்றன. பாசியில் கிடைக்கும் செம்பு மிகக் குறைவு, அதனால் அந்த இனம் ஒவ்வொரு துளியையும் உறிஞ்சிக்கொள்ளப் பழகிவிட்டது. அதைக் கொண்டுவந்து சாதாரணப் புல்வெளியில் விட்டால் அந்தப் புல்லின் செம்பே அதற்கு நஞ்சாகிவிடும்.

நம் ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை 'இதுவும் கால்நடைதானே' என்று செம்மறிக்கும் அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். கலவையில் செம்பு 0.1 சதவீதம் என்று பையில் போட்டிருந்தால் 10 கிராமில் 10 மில்லிகிராம் செம்பு. ஆடு நாளைக்கு ஒரு கிலோ காய்ந்த பொருள் தின்கிறது, அதில் ஏற்கெனவே 7, 8 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 17, 18 ஆகிவிட்டது. கிலோவுக்கு 15-ஐத் தாண்டித் தொடர்ந்து கொடுத்தால், தடுக்க மாலிப்டினமும் இல்லாத இடத்தில், ஆபத்துதான். பன்றித் தீவனம், கோழித் தீவனம் இன்னும் மோசம். வெள்ளாடு செம்மறியைவிடத் தாங்கும், அதனால் 'வெள்ளாட்டுக்குக் கொடுத்தேன், நன்றாகத்தானே இருக்கிறது' என்ற அனுபவம் இங்கே உதவாது. பையைத் திருப்பி 'செம்மறி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செலினியம் வேறு மாதிரி. 1950கள் வரை அது நஞ்சு என்று மட்டும்தான் தெரியும். 1957-இல்தான் எலிகளின் ஈரலைக் காப்பாற்றத் துளி செலினியம் வேண்டும் என்று கிளாஸ் ஷ்வார்ட்ஸ் காட்டினார், மறுவருடமே அமெரிக்காவின் ஒரேகானில் குட்டிகளின் 'வெண்தசை நோய்' செலினியம் கொடுத்தால் வராது என்று தெரிந்தது. அந்த நோயில் குட்டி விறைத்துப்போய் நடக்கும், பால் குடிக்கத் தலை தூக்க முடியாது, சில நேரம் ஓட்டும்போது இதயமே நின்று விழும். அறுத்துப் பார்த்தால் தொடைக்கறியில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், வெந்த கோழிக்கறி நிறத்தில் வெளிறிய கோடுகள் ஓடும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. பின்லாந்தில் மண்ணே செலினியக் குறை என்பதால் 1980களின் நடுவிலிருந்து நாடு முழுக்க உரத்திலேயே கலக்கிறார்கள். அதற்கு நேர்மாறாகப் பஞ்சாபின் நவன்ஷஹர் பகுதியில் செலினியம் மிஞ்சிப்போய்க் கால்நடைகளுக்குக் குளம்பு கழன்றிருக்கிறது. அங்கே செலினிய ஊசி போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொடுக்க வேண்டிய அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு, சோதிக்காமல் தொடவே கூடாத தாது இது.

அயோடினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறைந்தால் குட்டி தொண்டைக் கழலையோடு, முடி குறைந்து, பலவீனமாகப் பிறக்கும், இல்லை செத்தே பிறக்கும். முட்டைக்கோஸ், டர்னிப் வகைத் தீவனம் மேயும் குளிர்நாட்டு மந்தைகளில் இது அதிகம், அந்தச் செடிகளில் இருக்கும் பொருள்கள் தைராய்டைத் தடுக்கும். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளித் தழையும் தோலும் போடுகிறவர்களுக்கும், சவுண்டல் என்கிற சூபாபுல் தழையையே நம்பியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மரவள்ளியின் சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறித் தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கிறது, சவுண்டலின் மிமோசின் சிதைந்து வரும் பொருளும் தைராய்டு வேலையைக் கெடுக்கிறது. இதற்கு ரத்தத்தைவிடத் தராசு நல்ல சோதனை. செத்துப் பிறந்த குட்டியின் தொண்டையிலிருந்து தைராய்டின் இரு பகுதியையும் எடுத்து எடை போடுங்கள், நகைக்கடைத் தராசு போதும். குட்டியின் எடையில் கிலோவுக்கு 0.8 கிராமைத் தாண்டினால் அயோடின் குறை என்றே கொள்ளலாம், 0.4-க்குக் கீழே என்றால் அநேகமாக இல்லை. அதாவது 4 கிலோ குட்டிக்கு 3.2 கிராம், அரைப் பவுன்கூட இல்லாத எடை, அதில்தான் எல்லாம் தெரிகிறது.

சரி, மற்றதற்கு எப்படிச் சோதிப்பது? பலரும் முதலில் மண்ணைத்தான் அனுப்புகிறார்கள். மண் பரிசோதனை பயிருக்கு உதவும், ஆட்டுக்கு அவ்வளவாக உதவாது, ஏனென்றால் மண்ணில் இருப்பதெல்லாம் புல்லுக்குள் போவதில்லை. மாங்கனீஸ் மிகுந்த மண் கோபால்ட்டைக் கெட்டியாகப் பூட்டி வைத்துக்கொள்ளும், அறிக்கையில் கோபால்ட் தாராளம் என்று வரும், புல்லில் இருக்காது. புல்லைச் சோதிப்பது மேல், செம்பா மாலிப்டினமா கந்தகமா யார் யாரைத் தடுக்கிறார் என்பது புல்லில்தான் தெரியும். ஆனால் ஆடு கடிக்கும் உயரத்தில், ஆடு கடிக்கும் செடியை, மண் ஒட்டாமல் பறிக்க வேண்டும். ஒரு சிட்டிகை மண் ஒட்டினாலும் கோபால்ட், இரும்பு எண்கள் எகிறிவிடும். மேய்ச்சலில் வரப்பு, ஓடை, தரிசு என்று பத்து விதச் செடியைத் தின்னும் நம்மூர் ஆட்டுக்குப் புல் மாதிரி எடுப்பதே கஷ்டம், அதனால் ஆட்டையே கேட்க வேண்டியிருக்கிறது.

ரத்தம் எடுக்கிறீர்கள் என்றால் ஓர் ஆட்டில் எடுக்காதீர்கள். ஒரே வயது, ஒரே மேய்ச்சல், அப்படிக் குறைந்தது 6 ஆடு, முடிந்தால் 10. நோஞ்சானாக மட்டும் பொறுக்கவும் கூடாது. நோஞ்சான் ஒருவேளை வேறு நோயால் தின்னாமல் கிடந்திருக்கலாம், தின்னாததால் கோபால்ட் குறைந்திருக்கும், நீங்கள் விளைவைக் காரணம் என்று எடுத்துக்கொள்வீர்கள். மந்தையில் சுமாராக இருப்பவற்றையும் சேர்த்து எடுங்கள். கடந்த சில மாதத்தில் தாது ஊசி, பி12 ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த எண்ணை நம்ப முடியாது. மேய்ந்துகொண்டிருக்கும்போதே எடுப்பது நல்லது, ஏனென்றால் ஆட்டை ஒருநாள் பட்டியில் அடைத்துப் பட்டினி போட்டால் ரத்தத்தில் பி12 பொய்யாகக் கூடிக் காட்டும். குழாயும் முக்கியம்: சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் ரத்தத்தில் கலக்கும், துத்தநாகம் பார்ப்பதென்றால் அதற்கென்று இருக்கும் கருநீல மூடிக் குழாய் வேண்டும். செம்புக்கு ரத்தத்தை உறையவிடாமல் பிளாஸ்மாவாக (அணுக்களைப் பிரித்த ரத்தநீர்) எடுப்பதே சரி, உறைந்தால் கொஞ்சம் செம்பு கட்டியோடு போய்விடும். குழாயைக் குலுக்கிச் சிவப்பணு உடைந்து வந்தால் திருப்பி எடுங்கள்.

அப்புறம் அறிக்கை வரும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு காலத்தைப் பேசுகிறது. செம்பை எடுங்கள். பழைய வீடுகளில் நெல் குதிரில் இருக்கும், அடுப்படியில் ஒரு பானையில் கொஞ்சம் அரிசி இருக்கும். குதிர் அடிமட்டம் தட்டும் வரை அடுப்படிப் பானை நிறைந்தேதான் இருக்கும். ஈரல் குதிர், ரத்தம் பானை. பிளாஸ்மாவில் லிட்டருக்கு 9 மைக்ரோமோலுக்குக் கீழே இறங்கிவிட்டது என்றால் குதிர் ஏற்கெனவே காலி. நன்றாக இருக்கிறது என்று வந்தால் குதிரில் ஒரு மாதத்துக்கு இருக்கிறதா ஒரு வருடத்துக்கு இருக்கிறதா என்று தெரியாது. போதாக்குறைக்கு, ஆட்டுக்குப் புண், காய்ச்சல், அழற்சி ஏதாவது இருந்தால் ரத்தச் செம்பு தானாகவே கூடும், குறை மறைந்துவிடும். ஈரலைச் சோதிப்பதுதான் உண்மையைச் சொல்லும். உயிருள்ள ஆட்டில் ஊசியால் ஈரல் எடுப்பது எல்லோருக்கும் முடிகிற காரியம் இல்லை, ஆனால் உங்கள் மந்தையிலிருந்து கறிக்கடைக்குப் போகும் ஆடுகளில் நாலைந்தின் ஈரலில் கட்டைவிரல் அளவு துண்டு, எல்லாவற்றிலும் ஒரே இடத்திலிருந்து, கேட்டு வாங்கி ஐஸில் வைத்து அனுப்ப முடியும். காய்ந்த ஈரலில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறை. நூற்றுக்கணக்கில் என்றால் போதும், செம்பைத் தொடாதீர்கள். சினை ஆடுகளுக்குச் செம்பு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பி12 ரத்தத்தில் அன்றைய வரவைத்தான் காட்டும், ஏறி இறங்கும். பால் குடிக்கும் குட்டிகளில் இயல்பாகவே குறைவாக இருக்கும், அதற்கு அர்த்தம் நோய் இல்லை. அதனால் கூடவே மெத்தில்மலோனிக் அமிலத்தையும் பார்க்கிறார்கள். வாய்க்காலில் மடை அடைத்துக்கொண்டால் மேல்புறம் தண்ணீர் தேங்குமே, அந்த மாதிரி பி12 இல்லாமல் வேலை நின்ற இடத்துக்கு மேலே தேங்கும் பொருள் அது. பி12 குறைந்து இதுவும் தேங்கியிருந்தால் ஆடு உண்மையாகவே கஷ்டப்படுகிறது. பி12 மட்டும் குறைந்திருந்தால் பொறுக்கலாம்.

செலினியத்துக்கு இரண்டு வழி. பிளாஸ்மாவில் உள்ள செலினியம் இப்போது என்ன தின்கிறது என்பதைச் சொல்லும். சிவப்பணுவுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதி, இதில் செலினியம் இருப்பது 1973-இல் தெரிந்தது, கடந்த இரண்டு மூன்று மாதத்தைச் சொல்லும், ஏனென்றால் சிவப்பணு உருவாகும்போதே அது உள்ளே வைக்கப்படுகிறது, அப்புறம் மாற்ற முடியாது. செங்கல் மாதிரி, சூளையில் வைத்த அன்று என்ன மண்ணோ அதுதான் கடைசிவரை. போன வாரம் ஊசி போட்டிருந்தால் பிளாஸ்மாவில் செலினியம் நிறைந்திருக்கும், நொதி இன்னும் குறைவாகவே இருக்கும், இரண்டும் உண்மைதான். குட்டி விறைத்து நடக்கிறதென்றால் சிகே என்ற தசை நொதியையும் சேர்த்துக் கேளுங்கள், தசை உடைந்துகொண்டிருப்பதை அது உடனே காட்டும். வைட்டமின் ஈ-யும் இதே வேலையைப் பகிர்ந்துகொள்வதால், பச்சையே இல்லாமல் காய்ந்த தீவனம் மட்டும் தின்ற மந்தையில் செலினியம் சரியாக இருந்தும் நோய் வரலாம்.

இத்தனைக்கும் பிறகு, ஆடு வளர்ப்பவர் தன் கையாலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, நான் மிகவும் நம்புவது அதைத்தான். கோபால்ட் குறை என்று சந்தேகமா? குடற்புழு நீக்கிய பிறகு, ஒரே வயதுக் கிடாக்குட்டிகள் 30 எடுங்கள். பட்டிவாசலில் ஒவ்வொன்றாக விட்டு, முதலில் வருவதற்குச் சிவப்புக் காதுத்தோடு, அடுத்ததற்கு மஞ்சள், அப்படி மாற்றி மாற்றி. நீங்களே பொறுக்கினால் கை தானாக நல்ல குட்டிப் பக்கம் போகும், அதனால் வாசல் பொறுக்கட்டும். காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன், தண்ணீர் காட்டும் முன், தொங்கு தராசில் எடை போட்டு எழுதுங்கள். சிவப்புக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பி12 ஊசி, மஞ்சளுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே கிடையில் ஒன்றாகவே மேயட்டும். 5 வாரம் கழித்து அதே நேரத்தில் அதே தராசில் எடை போடுங்கள். சிவப்பு சராசரியாக 4 கிலோ கூடி, மஞ்சள் இரண்டரைதான் கூடியிருக்கிறது என்றால் உங்கள் நிலம் பதில் சொல்லிவிட்டது. இரண்டும் ஒன்றாகவே கூடியிருந்தால், அல்லது ஒன்றாகவே கூடாமல் இருந்தால், கோபால்ட் காரணம் இல்லை, பணத்தை மிச்சம் பிடித்துப் புழுக்கையையும் தீவனத்தையும் மறுபடி பாருங்கள். செலினியத்துக்கும் இதே முறை செல்லும், ஆனால் அங்கே முதலில் ரத்தச் சோதனை, அப்புறம்தான் ஊசி. செம்புக்கு ஈரல் எண் கையில் இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

குறை உறுதியானால் தீர்க்க வழி நிறையவே உண்டு. மார்ஸ்டனின் குழு 1958-இல் கோபால்ட் ஆக்சைடும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட ஒரு கனமான குண்டைச் செய்தது, விழுங்க வைத்தால் வயிற்றின் அடியில் தங்கி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதன்மேல் சுண்ணாம்புப் படலம் படிந்து கரைவது நின்றுபோனதும், கூடவே ஒரு சிறு இரும்புத் திருகாணியையும் விழுங்கவைத்தார்கள், இரண்டும் உரசிப் படலத்தைச் சுரண்டிவிடும். நியூசிலாந்தில் உரத்தோடு கோபால்ட் கலந்து வானத்திலிருந்தே தூவினார்கள். நமக்கு வாய்வழி மருந்தோ ஊசியோ செம்மறிக்கான தாது உப்புக் கட்டியோ போதும், கட்டி என்றால் எல்லா ஆடும் நக்காது, சில ஆடு அதையே கட்டிக்கொண்டு நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். மாவட்டத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் புழுக்கையைக் காட்டலாம், தாதுச் சோதனைக்குக் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகங்களை உங்கள் மருத்துவர் வழியாகக் கேளுங்கள்.

ஒரு வருடம் வந்த பதிலை அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். மழை நன்றாகப் பெய்து புல் வேகமாக வளர்ந்த வருடத்தில் கோபால்ட்டும் செலினியமும் நீர்த்துப்போகும், வறண்ட வருடத்தில் ஆடு மண்ணோடு சேர்த்துத் தின்று கோபால்ட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் தளதளவென்று நிற்கும்போதுதான் பால் மறந்த குட்டிகளை நிறுத்தி எடை போட்டுப் பார்க்க வேண்டும், அந்தக் காதுத்தோட்டையும் தராசையும் பத்திரமாக வைத்திருங்கள்.